கூட்டுக்கோழியும் சைவ நெறியும்

எவ்வுயிர்க்கும் இரங்குதல் சிவபூசையின் ஓர் அங்கம் என்பது சைவ நெறி. வெள்ளிக்கிழமை விரதம் காக்கும் அடியார், சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் முட்டை வாங்குகிறார். முட்டையில் உயிர் உண்டா என வாதிடுவோர் பலர். முட்டையிட்ட கோழிக்கு உயிர் உண்டென்பதில் வாதமில்லையே!

கம்பிக்கூட்டுப் பண்ணைகளில் ஒரு கோழிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ஏ4 தாளிலும் குறைந்த இடம். சிறகை விரிக்கவோ, மண்ணைக் கிளறவோ, முட்டையிட ஒதுங்கவோ வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெறுங்கூடுகளை 2012இல் தடைசெய்தது. இலங்கையில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907இல் வந்தது. அது விதித்த உச்ச அபராதம் வெறும் 100 ரூபா.

"நான் அடைத்து வைக்கவில்லையே" என்பார் வாங்குபவர். திருவள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இந்தச் சாட்டை ஏற்கவில்லை. வாங்குவோர் இருப்பதாலேயே விற்போர் உண்டாகின்றனர் என்பது அவர் காட்டும் நியாயம். அவர் பேசியது புலாலைப் பற்றி. ஆயினும் அந்த நியாயம் கூட்டுமுட்டைக்கும் பொருந்தும்.

கூட்டுமுட்டை மலிவானது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்கும் சத்துணவு அதுவே என்பதும் மெய். அந்தத் தாயைக் குறை கூறுவது அறமாகாது. கூடுதல் விலை கொடுக்க இயன்றவரோ, கோழி எப்படி வளர்ந்தது என்று கடைக்காரரிடம் ஒருமுறையேனும் கேட்கலாம். கேட்போர் பெருகினால் அவரும் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டிவரும்.