காட்டு லீக்கும் அறுவடையின் அறமும்

காட்டு லீக் கிழக்கு வட அமெரிக்கக் காடுகளில் வளரும் வெங்காயக் குடும்பச் செடி. வசந்தத்தில் மரங்கள் தழைக்கும் முன் சில வாரங்களே அதன் இலைகள் வெயில் காணும். விதையிலிருந்து முழு வளர்ச்சி பெற 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். எனவே கிழங்கோடு பிடுங்கப்பட்ட கூட்டம் எளிதில் மீள்வதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1995 முதல் அதன் வணிக விற்பனையைத் தடைசெய்துள்ளது.

தானாக விளைந்ததை எடுக்க மனிதருக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? பொதுவில் கிடப்பதை உழைத்துச் சேகரிப்பவருக்கே அது உரியது என்றார் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக். பிறருக்கும் போதுமான அளவு மிஞ்ச வேண்டும் என்பது அவர் விதித்த வரம்பு. பொட்டவாட்டமி இனத் தாவரவியலாளர் ராபின் வால் கிம்மரர் இன்னும் ஆழமாகச் செல்கிறார். அவர் எடுத்துரைக்கும் மரபில் செடியும் உரிமையுள்ள உயிர். அதனிடம் அனுமதி கேட்க வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது, பெற்றதற்கு ஈடாக ஏதேனும் தர வேண்டும். லாக்கின் வரம்பு மனிதருக்காக மட்டுமே. இந்த மரபோ செடியின் வாழ்வையும் கணக்கில் கொள்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் காட்டு லீக் வளர்ப்பது அந்த ஈட்டின் ஒரு வடிவம். இலையுதிர் மரநிழல், ஈரமான மக்கு மண், மேலே சருகுப் போர்வை ஆகியவை அதற்குத் தேவை. செடியைக் காட்டிலிருந்து பிடுங்காமல், விதையை நாற்றங்காலில் வாங்க வேண்டும். செடிக்கு ஓர் இலை மட்டும் கொய்து, கிழங்கை மண்ணிலேயே விட வேண்டும். காத்திருக்க மனமுள்ளவருக்கே அறுவடை உரிமை உண்டு.