மலைப்பாதையில் எதிர்ப்படுபவர் யார்?

மலைப்பாதையில் எதிரே வரும் முகமறியாத ஒருவர் எமக்கு யார்? உறவினரா, அயலவரா, வெறும் வழிப்போக்கரா? எல்லா உயிரிலும் சிவம் உறைகிறது என்று எமது சமயம் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. விடையைச் சொல்வது எளிது. அதன்படி நிற்பதுதான் கடினம். அடியேன் நீண்டகாலம் அரசாங்க இலிகிதராக இருந்தவன். இந்தக் கேள்வி எனக்குக் கந்தோரிலும் வந்தது, மலையிலும் வந்தது.

சிவனொளிபாதமலையைப் பற்றி மஸ்கெலியாப் பக்கத்து மெய்யடியார்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 2,243 மீற்றர் உயரமான அந்த உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சிவபெருமானுடையது என்று நாம் கும்பிடுகிறோம். புத்தபெருமானுடையது என்பர் பௌத்தர். ஆதி மனிதர் ஆதமுடையது என்பர் இஸ்லாமியர். புனித தோமையாருடையது என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உளர். டிசெம்பர் மாதத்து உந்துவப் போயாவில் தொடங்கும் யாத்திரைக் காலம் மே மாதத்து வெசாக் போயாவுடன் முடிகிறது. நல்லதண்ணிப் பாதையில் படிகள் 5,000க்கும் மேல். அடிவாரத்தில் தேயிலைக் கொழுந்தை அசைக்கும் காற்று, உச்சியை அண்டும்போது ஆளையே அசைத்துவிடும். ஏறுவோரும் இறங்குவோரும் ஒருவருக்கொருவர் "கருணாவயி" என்று சொல்லிக்கொள்வது அங்குள்ள வழக்கம். சிங்களச் சொல்தான். ஆயினும் உள்ளே இருப்பது நமது கருணை.

1985 ஆம் ஆண்டு மாசி மாதம் நானும் தம்பியும் அம்மாவை அழைத்துக்கொண்டு ஏறினோம். 1983 ஆடிக் கலவரம் நடந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வழிநெடுகத் தமிழில் பேசாமல் சைகையாலேயே பேசிக்கொண்டு போனோம். நள்ளிரவு தாண்டி, கடைசி ஏற்றத்தில் காற்று பலமாக அடித்தது. அம்மாவின் கம்பளி பறந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்துவிட்டார். எமக்குப் பின்னால் வந்த சிங்களக் கூட்டமொன்று எங்களைச் சுற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. ஒரு வயோதிப மாது தம் போத்தலிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஒரு துண்டு கருப்பட்டியும் கையில் வைத்தார். குடித்துவிட்டு அம்மா தம்மை மறந்து, "நல்லாயிருக்கணும் தாயே, ஒங்க புள்ளைங்களும் நல்லாயிருக்கணும்" என்று தமிழில் வாய்விட்டு வாழ்த்தினார். எனக்கும் தம்பிக்கும் நெஞ்சு திக்கென்றது. அந்த அம்மாள் சிரித்தார். தம் மகனிடம் ஏதோ சொன்னார். அவன் என் தாயின் கையைப் பிடித்து உச்சிவரை ஏற்றிவிட்டான். எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அங்கே மணியை அடிக்கவேண்டும். அவன் ஏழு முறை அடித்தான், நாங்கள் ஒரு முறை. அதன்பின் அவர்கள் இரத்தினபுரிப் பக்கமாக இறங்கிப் போய்விட்டார்கள்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "களைப்பும் குளிரும் எல்லாரையும் நல்லவர்களாக்கும். அதே சனம் அற்றன் பஸ் நிலையத்தில் ஆசனத்துக்கு இடித்துத் தள்ளும்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. முக்காடு போட்ட இருட்டில் எவர் எந்த இனம் என்று தெரியாது. தெரியாதவரை அன்பாய் இருப்பது அவ்வளவு பெரிய காரியமா?

கந்தோரில் என் வேலையே பெயரும் இனமும் எழுதுவதுதான். படிவத்தில் இனம் என்றொரு கட்டம் இருக்கும். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் உரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1983 இல் கொழும்பில் கலவரக்காரர் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர். இதனால் பெயரும் பட்டியலுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் எம் தோட்டத்துப் பிள்ளைகள் பட்ட பாட்டைக் கண்டவன் நான். உரிமை கொடுக்கப் பெயர் வேண்டும். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அது தேவையில்லை.

நண்பருக்கு என் பதில் இதுதான். அந்த அம்மாள் எம்மைத் தமிழர் என்று அறியாதவரை உதவியது ஒன்று. அறிந்த பின்னும் மகனின் கையைக் கொடுத்தது வேறொன்று. பின்னது களைப்பாலும் குளிராலும் வருவதல்ல.

1344 ஆம் ஆண்டில் மொறோக்கோ நாட்டு இஸ்லாமியப் பயணி இப்னு பதூதா புத்தளப் பக்கம் வந்திறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாதச்சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். வந்தவர் வேற்று மதத்தவர் என்பது சைவ மன்னனுக்குத் தெரியும். தெரிந்தும் பல்லக்கைக் கொடுத்து, ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், அந்தணர் மூவர், தம் ஆட்கள் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட அனுப்பிவைத்தான். இதை இப்னு பதூதாவே எழுதி வைத்திருக்கிறார்.

பெரியபுராணத்து அப்பூதியடிகளையும் நினைத்துப் பார்க்கலாம். தாம் கண்ணாலும் காணாத திருநாவுக்கரசரின் பெயரில் திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் அவர். அந்த வழியே நடந்து வந்த நாவுக்கரசரை முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவருடைய பந்தல் தாகத்தோடு வந்த எவருக்கும் பொது.

எமது பரிபாலன சபையில் இவ்வருடம் இதுவே பேச்சாயிற்று. மலைக்குப் போகும் பஸ்கள் எம் ஆலய முகப்பில் நிற்கின்றன. அங்கே தேத்தண்ணிப் பந்தல் போடலாமா என்று கேட்டபோது, "நம்ம சனத்துக்கே பத்தல, வெளியாட்களுக்கு எதுக்கு?" என்றார் ஒரு பெரியவர். அவர் லயத்து அறையில் எட்டுப் பேருடன் வாழ்ந்தவர். அவர் கேட்டதில் குற்றமில்லை. நீண்டநேரம் பேசினோம். முடிவில், வரும் யாத்திரைக் காலத்தில் போயாவை அண்டிய இரவுகளில் மட்டும் நடத்திப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். முதல் இரவுக்கு விறகு தருவதாக அந்தப் பெரியவரே ஒப்புக்கொண்டார். கிடாரம் ஆலயத்தில் இருக்கிறது. தேயிலைக்கு இந்த ஊரில் குறைவில்லை. சீனியும் இஞ்சியும் கொடுக்க விரும்பும் அடியார்கள் கார்த்திகைத் தீபத்துக்கு முன் ஆலயத்தில் பெயர் கொடுக்கலாம்.