மாறுவதை அறிய மாறாதது வேண்டுமா?

1888 ஜூனில் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரத்து வயல்வெளியில் வான்கா வரைந்தபோது மிஸ்ட்ரல் காற்று அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஓவியத் தாங்கியின் கால்களை மண்ணில் ஊன்றி, பக்கத்திலேயே அரை மீட்டர் நீள இரும்பு முளையை இறக்கி, எல்லாவற்றையும் கயிற்றால் பிணைத்துவிட்டால் காற்றிலும் வேலை செய்யலாம் என்று நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதினார். கதிர் அசைகிறது, வெளிச்சம் நகர்கிறது; அதைப் பிடிக்க ஏதோ ஒன்று அசையாமல் நின்றாக வேண்டும். இதையே தத்துவம் பெரிதாக்கிக் கேட்கிறது. காலத்தை நிர்ணயிக்க நிலைத்திருக்கும் ஒன்று காட்சியில் வேண்டும் என்றார் கான்ட், 1787இல். கணந்தோறும் எல்லாம் அழிகிறது என்ற பௌத்தரைச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கப் பகுதி மறுக்கிறது. அறிபவனும் அழிந்துகொண்டே இருந்தால் நேற்றை நினைப்பவன் யார் என்பது சைவத் தரப்பின் வலுவான கேள்வி. ஆகவே நித்தியமான ஒன்று உண்டு என்று முடிப்பது எளிது. அந்தக் கடைசி அடிதான் சறுக்குகிறது.

தாங்கி எப்படி நிற்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். அதற்குப் பெரும்பாலும் மூன்றே கால்கள். எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும் என்பதால் மேடுபள்ளத்திலும் அது ஆடாது; நான்காவது கால் வந்தால்தான் ஆட்டம். சரிவில் மேட்டுப்பக்கக் காலைக் குறுக்கினால் போதும், நிலத்தைச் சமப்படுத்த வேண்டியதில்லை. பாரம் மூன்று கால்களுக்கு நடுவே இறங்க வேண்டும். அதற்காகவே கால்களை அகட்டி வைத்து, நடுவில் கல் நிரம்பிய பையைத் தொங்கவிடுகிறார்கள். இந்த உறுதி மரத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. வேலை முடிந்ததும் மடக்கித் தோளில் மாட்டிக்கொள்ளலாம். 1890–91இல் வைக்கோற்போர்களை வரைந்த மோனே, வெளிச்சம் மாற மாற வேறு வேறு கேன்வாஸை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

தாங்கியின் மரமும் கணந்தோறும் மாறுகிறதே என்று பௌத்தர் கேட்கலாம். மாறட்டும். மரம் உளுத்துப்போக ஆண்டுகள் ஆகும். நிழல் இடம் மாறச் சில நிமிடங்கள் போதும். மாற்றத்தை அளக்க இந்த வேக வித்தியாசமே போதுமானது. எதிர்த் தரப்பு வேறு விதமாகக் கேட்கும்: தாங்கியைத் தரை தாங்குகிறது, தரையைத் தாங்குவது எது? இப்படியே போனால் அசையாத ஓர் அடித்தளத்தில்தானே முடிய வேண்டும்? ஆனால் அந்தத் தரையே மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஓவியர் துரத்தும் வெளிச்சம் நகர்வதும் அந்தச் சுழற்சியால்தான். மாற்றத்தை உண்டாக்குவதும் அதைக் காண இடம் கொடுப்பதும் ஒரே பூமி என்றால், தாங்குவது அசையாததாக இருக்க வேண்டும் என்ற விதி உடைகிறது.

நினைவு பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. காலையையும் மாலையையும் ஒப்பிட இரண்டையும் கண்டவர் ஒருவராக இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒருமை ஒப்பீடு முடியும்வரை நீடித்தால் போதும். அதிலிருந்து அழியாத ஆன்மாவுக்குத் தாவ முடியாது. ஆன்மா இல்லை என்றும் இது நிறுவவில்லை. நித்தியத்தை நம்புபவர் அருளையோ அனுபவத்தையோ ஆதாரமாகக் காட்டலாம். மாற்றத்தை நாம் அறிகிறோம் என்பதை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிட முடியாது.