முதலில் யார் படியேறுவது

சேந்தமங்கலம் போன்ற ஊரில் ஒருவர் குடியை விட்ட சேதி பரவ ஒரு வாரம் போதும். அடகில் இருந்த தோடு திரும்பியதும் மளிகைக் கடை பாக்கி தீர்ந்ததும் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் பல வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத அந்த வீட்டுக்கு, சேதி தெரிந்த பின்னும் யாரும் போவதில்லை. 'நல்லா இருந்தா சரி' என்று தள்ளி நின்றே வாழ்த்திவிடுகிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணோ வெளியே வரக் கூசுகிறாள். முதலில் படியேற வேண்டியது யார்?

ஊர்க் கணக்கில் விடை எளிது: ஒதுங்கிப் போனவர்களே வரட்டும். அந்தக் கணக்குக்கு எழுத்து ஆதாரமும் உண்டு, மொய் நோட்டு. மகளின் காதுகுத்துக்கு ஐந்நூறு வைத்த தோழியின் வீட்டுக் கல்யாணத்துக்கு இவள் போகவில்லை. இருந்த பணத்தைப் புருஷன் எடுத்துப் போயிருந்தான். கூட வந்தால் பந்தியில் என்ன செய்வானோ என்ற பயம் வேறு. தோழி வீட்டு நோட்டில் இதெல்லாம் ஏறுவதில்லை; திரும்பி வராத ஐந்நூறு மட்டும் நிற்கிறது. சுயஉதவிக் குழுவிலும் இதே கதைதான். 1991-92 வாக்கில், நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்துக்கு இந்தக் குழுக்கள் வந்தபோது, பெண்களுக்குக் கடனோடு சேர்த்து வாரம் ஒருமுறை கூடிப் பேச ஓர் இடமும் கிடைத்தது. தவணை தவறியவள் முதலில் கூட்டத்தைத் தவிர்க்கிறாள், பிறகு கூட்டத்துக்கு வருபவர்களையே தவிர்க்கிறாள்.

பணம் கொடுக்க வேண்டியதுதான். குழுத் தவணையை அவள் மெல்லக் கட்டட்டும், விட்ட மொய்யையும் ஒருநாள் செய்யட்டும். ஆனால் அது தீரும்வரை பேச்சில்லை என்பது, புருஷன் செய்ததற்குப் பெண்டாட்டியிடம் அபராதம் வாங்குவது.

பொய் இதைவிடச் சிக்கலானது. 'அவருக்கு உடம்பு சரியில்லை', 'லோடு ஏத்திக்கிட்டு வடக்கே போயிருக்காரு.' லாரித் தொழில் நடக்கும் நாமக்கல் பக்கத்தில் இரண்டாவது பொய்யை யாரும் சந்தேகிப்பதில்லை. நெருங்கிய தோழியிடமே வருடக்கணக்கில் இப்படிச் சொல்லிவந்தவள், இப்போது எல்லாவற்றையும் கொட்டினால்தான் நட்பு திரும்புமா? அந்த ரகசியம் முழுக்க அவளுடையது கிடையாது. அடி வாங்கியதும் பட்டினி கிடந்ததும் பயந்து விழித்திருந்ததும் அவள் பட்ட பாடு. அதைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். குடியை விடப் போன ஆஸ்பத்திரியில் புருஷன் எதை நினைத்து அழுதான் என்பது அவனுக்குரியது. தோழிக்குத் தெரிய வேண்டியது, கோபத்தில் விலகவில்லை என்பதுதான். அதற்கு மேல் துருவிக் கேட்பது வம்பு. நம் ஊர்களில் அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

குடியைச் சட்டத்தால் தடுக்கும் முயற்சியில் இந்த மண்ணுக்கு நீண்ட அனுபவம் உண்டு. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் இருந்து 1929-ல் ராஜாஜி கல்கியின் துணையோடு 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை நடத்தினார். சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார். சேந்தமங்கலமும் அதற்குள் அடங்கியது. பிறகு 1971-ல் கடைகள் திறந்தன, 1974-ல் மூடின, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. கடையைத் திறப்பதும் மூடுவதும் அரசாணையில் முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரியைத் திரும்பப் பேசவைக்க எந்த ஆணையும் இல்லை.

அந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் கணவர் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். அங்கே குடும்பத்துக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. நகரத்து ஆஸ்பத்திரியோடு நிற்காமல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் அந்த அமைப்பு முகாம் நடத்தியது. ஊருக்குள்ளேயே, ஊராரின் துணையோடு சிகிச்சை. மறைத்து வைக்க எதுவுமில்லாத இடத்தில் வெட்கத்துக்கு வேலை குறைவு. அமெரிக்காவில் 1951-ல் உருவான அல்-அனான் இன்னொரு வழியில் வந்தது: குடிப்பவர் விட்டாலும் விடாவிட்டாலும் குடும்பத்தார் தமக்குள் கூடிப் பேசுவார்கள். மனைவியின் மீட்சி கணவனின் மீட்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படை.

முதல் அடி யாருடையது என்பதை யார் விலகினார்கள் என்று பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை. போனவரை வரவேற்காவிட்டால் யாருக்கு இழப்பு அதிகம் என்று பார்க்க வேண்டும். தோழி போய், கதவு சரியாகத் திறக்கவில்லை என்றால் அவளுக்கு ஒரு மாலைப் பொழுதும் கொஞ்சம் ரோஷமும் போகும். இவள் போய், அங்கே முகம் திருப்பினால் மறுபடி வீட்டை விட்டு இறங்கவே மாட்டாள். ஆகவே போக வேண்டியது தோழிதான்.

வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு குடிகாரன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று விலகியவர்களும் உண்டு. அவர்கள் செய்தது தவறில்லை. அவனிடமிருந்து விலக நியாயம் இருந்தது. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் நின்ற அவளிடமிருந்து விலக அது நியாயமாகாது. பிள்ளைகள் விஷயத்தில் கடமை இன்னும் கறாரானது. 'அந்த வீட்டுப் பையனோட சேராதே' என்று தன் பிள்ளையிடம் சொன்ன வாய்தான் அதை மாற்றியும் சொல்ல வேண்டும். சொன்னதைப் பிள்ளை மறந்திருக்கும் என்று விட்டுவிடுவது கோழைத்தனம்.

குடியை விட்டவனுக்கு வரும் சங்கடம் நேர் எதிரானது. அவனுக்கு நண்பர்கள் இருந்தார்கள், பாரில். அவர்களை ஒரேயடியாக உதறுவது நன்றிகெட்டதனம் என்று அவன் நினைப்பதில் உண்மை இல்லாமல் இல்லை. அவர்களில் ஒருவன்தான் ஏதோ ஒரு விபத்து நடந்த இரவில் அவனைத் தூக்கிச் சென்றிருப்பான். அந்த நண்பன் வீட்டு எழவுக்கு அவன் போக வேண்டும். எடுத்து முடித்த பின் எல்லோரும் ஒதுங்கும் இடத்துக்குப் போகாதிருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேலி செய்யாத நண்பனிடம் மட்டுமே நட்பைத் தொடர வேண்டும்.

குடிநோயில் மறுபடி விழுவது அபூர்வம் கிடையாது. தோழி வந்துபோகத் தொடங்கிய சில மாதத்தில் அவன் திரும்பவும் டாஸ்மாக் வாசலில் நிற்கலாம். 'இதுக்குத்தான் நான் வராம இருந்தேன்' என்று அவளும் அப்போது நின்றுவிட்டால், இத்தனை நாள் வந்தது அவன் நன்னடத்தைக்கான பரிசு என்றாகிவிடும். அவன் குடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நாளில் உள்ளே போக வேண்டாம். ரேஷன் கடை வரிசையில் பேசலாம், வாரச்சந்தைக்குச் சேர்ந்து போகலாம், மாரியம்மன் பண்டிகைக்கு அவளையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம்.