உப்புக் கடலும் ஒளூவின் தண்ணீரும்

ஐவேளையும் நாம் ஒளூச் செய்யும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சிந்தித்திருக்கிறோமா?

பூமியிலுள்ள நீரில் 100க்கு 97 பங்கு உப்பு நீராகக் கடலில் இருக்கிறது. வெயிலில் கடல்நீர் ஆவியாகி மேலெழுகிறது. உப்போ கடலிலேயே தங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வங்கக் கடலைக் கடக்கையில் அந்த ஈரத்தைச் சுமந்து வந்து நம் கரையில் மழையாய்ப் பொழிகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இப்பருவத்தில்தான் கிடைக்கிறது. அல்லாஹுத் தஆலா காற்றுகளை அனுப்பி மேகங்களை எழுப்புவதைச் சூரத்துர் ரூமின் 48வது ஆயத்து நமக்கு நினைவூட்டுகிறது. கடலும் காற்றும் அவன் கட்டளைக்குப் பணிந்த படைப்புகளே.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2018ல் வடகிழக்குப் பருவமழை குறைந்தது. 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு தெருவில் காத்து நின்றனர். மழை நம் கையில் இல்லை; வந்த நீரைப் பேணுவது நம் கையில் இருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு, அதாவது ஏறக்குறைய இரு கை கொள்ளும் நீரில் ஒளூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளூச் செய்கிறோம்! மழை பொய்த்தால் மட்டும் மழைத் தொழுகைக்குத் திடலில் கூடுகிறோம். துஆவுக்கு ஏந்தும் கைகள் குழாயை மூடவும் பழக வேண்டாமா? ஒளூவின் பர்ளுகளோடு இந்தப் பேணுதலையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.

தன் நிஃமத்திற்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களில் அல்லாஹ் நம்மைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.