மொட்டை மாடிக் கதவு

கடைசி மெட்ரோவும் போய்விட்டது. 2014இல் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு ஸ்டேஷன் வந்த புதிதில், சத்தம் தாங்காமல் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினோம். பின்பக்கத்து ஜன்னலை அதற்கு முன்பே கொசுவுக்காகச் சாத்தியாயிற்று. வெண்டிலேட்டரில் மார்கழிக் குளிருக்கு அடைத்த பழைய துணி சித்திரையிலும் அங்கேயே இருக்கிறது.

*

இருபதுக்கு முப்பது அடி மனை. இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர். இதே இடத்தில் முன்பு மங்களூர் ஓட்டு வீடு இருந்தது. ஓட்டுச் சந்துகள் வழியாக அடுப்புப் புகை தானே போகும். ஆடி மழை அதே சந்துகள் வழியாக உள்ளே வரும். அப்பா திட்டிக்கொண்டே பாத்திரம் வைப்பார். கான்கிரீட் போட்டோம், ஒழுகல் நின்றது. தாளிக்கிற புகைதான் இப்போது கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

*

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். நீள அகல உயரம் பத்தடி என்றால் அறைக்குள் சுமார் 28,000 லிட்டர் காற்று. தூங்குகிற ஒருவர் மணிக்குச் சுமார் 10 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420 பங்குக்குச் சற்று மேல். முழுக்க அடைத்த அறையில் இரண்டு பேர் படுத்தால் ஒரு மணி நேரத்தில் 1,100ஐத் தாண்டும். 1858இல் மியூனிக் நகரத்துப் பெட்டன்கோஃபர் அறைகளுக்குச் சொன்ன எல்லை 1,000. இந்த அளவில் அந்த வாயு விஷமல்ல. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு அது ஓர் அளவுகோல், அவ்வளவுதான். எனக்குச் சளி பிடித்தால் மூன்றாம் நாள் அம்மாவுக்கும் பிடிப்பது ஞாபகம் வந்தது.

*

கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்கிறது 2003இல் வந்த ஓர் ஆய்வு. வீட்டில் யாரும் பீடிகூடத் தொட்டதில்லை என்று அம்மாவுக்குப் பெருமை. நான் சொல்லவில்லை. சுருளை எடுத்து வாசற்படியில் வைத்தேன்.

*

காற்றுக்குப் பயப்படுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1898இல் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. பழைய ஊரான பேட்டையின் நெருக்கத்துக்கும் கெட்ட காற்றுக்கும் பயந்தவர்களுக்காக, எங்களுக்குப் பக்கத்து மல்லேஸ்வரத்தில் அகலத் தெருவும் வீட்டைச் சுற்றி இடமுமாக மனைகள் வளர்ந்தன. அதே ஆண்டில்தான் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கைப் பரப்புவது எலியின் உடம்பிலுள்ள தெள்ளு என்று கண்டுபிடித்தார். மல்லேஸ்வரத்தார் காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் நல்ல வீடு கட்டியிருக்கிறார்கள். மில் வேலையை நம்பி வந்தவர்கள் நெருக்கியடித்துக் குடியேறிய எங்கள் பக்கத்துக்கு அந்த இடமெல்லாம் வாய்க்கவில்லை.

*

ஜன்னலைத் திறந்தால் தெருப் புகை வருமே என்கிறாள் அம்மா. அதுவும் உண்மை. குளிர்காலக் காலையில் புகை தரையோடு படிந்து கிடக்கும்; வெயில் ஏறினால் மேலே கலையும். அதனால் முன் ஜன்னலுக்கு மதிய நேரம். ராத்திரிக்குப் படிக்கட்டுதான் வழி. வீட்டின் சூடு அதில் ஏறி மொட்டை மாடிக் கதவில் முட்டி நிற்கிறது. கிரில்லைப் பூட்டிவிட்டு மரக்கதவை மட்டும் திறந்து, அரைச் செங்கல்லை அண்டக் கொடுத்தேன்.

“பூனை வரும்டா” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

கொஞ்ச நேரத்தில் வெண்டிலேட்டர் துணியின் ஓரம் மெதுவாக உள்பக்கம் ஆடியது. பக்கத்து வீட்டு அத்தை நாளைக்கு இட்லிக்கு அரைத்து வைத்திருக்கிறார் போல, மாவு வாசனை.