மருந்தின் நான்காங் கூறு

சிவமயம்

சைவாசிரிய அன்பர்களே,

கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் திருக்கோயிலை வழிபடாத சைவர் கொழும்பு நகரிற் சிலரே. 1856ஆம் ஆண்டிலே பொன்னம்பல முதலியாரால் நிறுவப்பெற்று, அவர் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதரால் 1907 முதல் 1912 வரை கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கப்பெற்றது அத்திருக்கோயில். அதற்கு அயலிலே அந்தோனியார் ஆலயம் உளது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கு சென்று மெழுகுதிரி ஏற்றுவோருட் கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவரும் பௌத்தரும் பலராவர். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலை, அவ்வாலயத்தினுள்ளே குண்டு வெடித்தது. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் மூன்று உல்லாச விடுதிகளிலும் ஒரே காலையில் நிகழ்ந்த அக்கொடுமையினால் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர், பன்னூற்றுவர் காயமுற்றனர். கொச்சிக்கடையிற் காயமுற்றோரை அயலார் தூக்கிக்கொண்டு, 1864ஆம் ஆண்டுமுதல் நகர மாந்தரைப் பேணிவரும் பெரிய வைத்தியசாலைக்கு, இப்பொழுது தேசிய வைத்தியசாலையெனப்படுவதற்கு, ஓடினர். நாரகேன்பிட்டியிலுள்ள இரத்த வங்கியின் முன்னே, இன்னார்க்கென்று வினவாமல், தம் குருதியைக் கொடுப்பதற்கு மக்கள் நெடுநிரையாய் நின்றனர்.

அன்று எழுந்த இரக்கம் பெரிது. அதனைக் கண்டோர் மறவார். ஆயின் அன்பர்களே, அந்நிரை மாலையிற் கலைந்தது, கலைதல் இயல்பே. காயமுற்றோரோ பலர் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் படுக்கையிற் கிடந்தனர். முதனாளில் அவர்க்கு வேண்டியது குருதி. நாற்பதாம் நாளில் வேண்டியது யாது? எட்டாத இடத்திலிருக்கும் தண்ணீர்க் குவளையை எட்டும் இடத்தில் வைக்கும் ஒரு கை, முகத்தில் விழும் வெயிலுக்குத் திரையிழுக்கும் ஒரு கை, அவ்வளவே. பெருந்துன்பம் கண்டு ஒரு நாள் உருகுதல் எளிது. சிறு குறையை நாடோறும் கண்டு தீர்த்தல் அரிது. இவ்வரியதனையே இன்று சிந்திக்கப் புகுந்தோம்.

திருவள்ளுவநாயனார் மருந்தென்னும் அதிகாரத்தின் முடிவில், மருந்தாவது நான்கு கூறுடையதென வகுத்தருளினார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவனாகிய மருத்துவன், கருவியாகிய மருந்து, அருகிருந்து பணிசெய்யும் உழைச்செல்வான் என்பன அவை. ஈண்டு நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. அருகிருப்பவனை மருத்துவனுக்கு ஏவலாளனென்று கூறி நாயனார் ஒதுக்கினாரல்லர். மருந்தின் காற்பங்கு அவனென்று வைத்தார். உரையாசிரியராகிய பரிமேலழகரும் அவனுக்கு இலக்கணம் நான்கு சொன்னார்: நோயாளன்மாட்டு அன்புடைமை, மனமும் மொழியும் மெய்யும் தூயவாதல், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை. இந்நான்கினையும் முறையே ஆராய்வோம்.

முதலாவது அன்பு. திருச்சிராப்பள்ளியிற் செவ்வந்திநாதர் தாயுமானவரெனப் பெயர்பெற்ற வரலாற்றை நீங்கள் மாணாக்கருக்குப் பலமுறை சொல்லியிருப்பீர்கள். இரத்தினாவதியென்னும் வணிகர்குலப் பெண் பிரசவ வேதனையுற்றிருந்தாள். அவளுக்குத் துணையாக வந்த தாய், காவிரி பெருகினமையால் அக்கரையிலே நின்றுவிட்டாள். இறைவர் அத்தாயின் வடிவுகொண்டு வந்து, செய்யவேண்டிய யாவும் செய்து, மகளையும் சேயையும் காத்தருளினார். வெள்ளம் வடிந்தபின் மெய்த்தாய் வந்து சேர, வந்திருந்த தாய் மறைந்தருளினாள்.

இவ்வரலாற்றை அற்புதமென்று கூறி அமைகின்றோம். சற்றே நின்று கேட்போம்: கங்கையைச் சடையிற் கரந்தவர்க்குக் காவிரியை ஒரு நாழிகை வற்றச் செய்தல் அரிதோ? அதனைச் செய்திருப்பின் ஊரார் அனைவரும் கண்டு வியந்திருப்பர். அவரோ ஆற்றை அதன் வழியில் விட்டு, ஒரு சிறு வீட்டின் உள்ளறையிற் புகுந்து, வெந்நீர் வைத்து, வியர்வை துடைத்து, முதுகு தாங்கியிருந்தார். ஒருவரும் காணாத இடத்தில், ஒருவரும் அறியாத வடிவில் இருந்தார். வைத்தியசாலையில் இராமுழுதும் விழித்திருக்கும் தாதியர் செய்வதும் இத்தொழிலே. அத்தொழிலை இழிவென எண்ணுஞ் சைவர் யாரேனும் உளராயின், அவர் தாயுமானவரென்னும் திருநாமத்தின் பொருளை அறியாதவரென்க.

இரண்டாவது தூய்மை. மெய்த்தூய்மையாவது கைகழுவிப் புகுதல். மனத்தூய்மையாவது சீழும் மலமும் கண்டு அருவருப்புக் கொள்ளாமை. இவ்விரண்டையும் ஓரளவு பழகிவிடலாம். மொழித்தூய்மையே நமக்கு அரிது. அதிலும் சைவராகிய நம்மிடத்து ஒரு குற்றம் உளது. அதனை மறைத்தல் கூடாது. படுக்கையிற் கிடப்பவரிடம் சென்று, 'எல்லாம் முன்செய்த வினை. அனுபவித்தே தீரவேண்டும்' என்று சொல்லி வருகின்றோம். வினைக்கொள்கை மெய்யே. ஆயினும் அது தன்னைத் தானே சோதிப்பதற்கு அருளப்பட்ட விளக்கு. அதனை எடுத்துப் பிறர் கண்ணருகிற் பிடித்துச் சுடுதல் சமயமாகாது. தன் நோய் தன் வினையால் வந்ததென்று நோயாளன் தானே உணர்ந்து சொல்வானாயின் அது ஞானம். பார்க்க வந்தவன் சொல்வானாயின் அது கொடுமை.

திலகவதியாரை நினையுங்கள். தம்பியார் தம்மைத் தனிமையில் விட்டுப் புறச்சமயஞ் சென்றவர். சூலைநோய் முறுக்கியபோது இரவிலே மறைந்து வந்து தமக்கையார் திருவடியில் வீழ்ந்தார். 'அன்று போனாயே' என்று அவ்வம்மையார் கடிந்துரைத்ததாகச் சேக்கிழார் பெருமான் பாடினாரல்லர். எழுப்பினார், திருநீறு அளித்தார், திருவதிகைத் திருக்கோயிலுக்குத் தாமே அழைத்துச் சென்றார். குற்றங்கூற உரிமையுடையவர் உலகில் ஒருவர் உண்டாயின் அவர் திலகவதியாரே. அவரே வாய்திறவாதபோது நாம் வாய்திறத்தல் தகுமோ?

மூன்றாவது, சொல்லியதைச் சொல்லியவாறே செய்தல். இஃது எளிதுபோலத் தோன்றும். நீரிழிவுடையார்க்குப் பிரசாதமென்று சருக்கரைப் பொங்கல் கொண்டுபோவாரும், மருந்துண்ணும் வேளையை மறந்து பேச்சில் அமர்ந்திருப்பாரும், நேர்த்தி வைத்தாயிற்றென்று சொல்லி மருந்தை நிறுத்துவாரும் நம்முள் உளர். பண்டையோர் இதனை எத்துணைக் கருத்தாய் எண்ணினரென்பதற்குச் சாசனமே சான்று. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் பெருமாள் கோயிலிற் பொறிக்கப்பெற்ற சாசனம், வீரசோழன் என்னும் ஆதுலர்சாலைக்கு நிவந்தஞ் சொல்கின்றது. கிடப்பார் பதினைவர். அவர்க்கு மருத்துவர் ஒருவர், அறுவைத்தொழில் செய்வார் ஒருவர், பச்சிலையும் விறகுங் கொணர்வார் இருவர், பணிசெய்யும் பெண்டிர் இருவர் என வகுத்து, கிடப்பார் ஒவ்வொருவர்க்கும் உணவுக்கு நாள்தோறும் நாழியரிசியும், இரவில் எரியும் விளக்குக்குப் பொருளும் வைத்தனர். அவ்விளக்கு எதன்பொருட்டு? இருளிற் கிடக்கும் நோயாளன் விழித்தெழுந்தால் தனியன் அல்லன் என்று அறிதற்பொருட்டென்றே யாம் கொள்கின்றோம். அரசன் கொடையென்று புகழப்படுவனவற்றுள் இச்சிறு விளக்கைப்போல் மனத்தைத் தொடுவன சிலவே.

நான்காவது அறிவுடைமை. இதுவே நம் பொருளின் உயிர். அன்பு இருந்தும் அறியாமையாற் பயன்படாதார் பலர். அவருள் யானும் ஒருவனென்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியசாலையில் முதிய நண்பர் ஒருவரைக் காணச் சென்றேன். பேசவியலாமற் கிடந்தார். அவர் மனந் தேறும்பொருட்டு நாயன்மார் சரிதங்களை எடுத்து ஒரு மணிநேரம் சொன்னேன். அவர் என் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தமையால், மிக விரும்பிக் கேட்கின்றாரென்று எண்ணி மேலும் சொன்னேன். பக்கத்துக் கட்டிலிற் கிடந்த தன் தாயைப் பார்க்க வந்த சிங்களப் பெண்ணொருத்தி எழுந்து வந்தாள். தாதியிடம் சைகையாற் கேட்டாள்; அவர் தலையசைத்தார். பின் ஒரு கரண்டியில் நீரெடுத்து நண்பர் உதட்டை நனைத்தாள். அவர் கண்களை மூடி நெடுமூச்செறிந்தார். அப்பொழுதே அவ்வுதடு காய்ந்து வெடித்திருந்ததைக் கண்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனினும் வாசிக்கவேண்டியதை வாசித்தாள். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பித்த யான் வாசிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியிலே கண்ணப்பநாயனார் நினைவு வந்தது. அவரை அன்பின் எல்லையென்று போற்றுகின்றோம். அவர் அறிவை அதிகம் எண்ணுகின்றிலம். காளத்தியப்பர் திருக்கண்ணிற் குருதி வழியக் கண்டதும் அவர் உடனே தம் கண்ணை இடந்தாரல்லர். தீங்கு செய்தார் உளரோவெனத் தேடினார். பின் காட்டிற் பச்சிலை பறித்து வந்து பிழிந்து பார்த்தார். அது பயன்படாதபோதே பழைய மருத்துவ முறையை நினைந்து தம் கண்ணை அப்பினார். மற்றைக் கண்ணிலும் குருதி பெருகியபோதோ, தம் இரண்டாங் கண்ணையும் இடந்துவிட்டால் அப்புமிடம் தெரியாதே என்று முன்னரே எண்ணி, அடையாளமாகத் திருவடியை ஊன்றிக்கொண்டார். உள்ளம் உருகும் அவ்வேளையிலும், அடுத்து வரும் இடர் இன்னதென்று கண்ட அறிவைப் பாருங்கள். அன்பு மிகுந்தவர் அறிவிழப்பர் என்பது உலகவழக்கு. கண்ணப்பர்பால் அன்பு மிகுந்தபோது அறிவு கூர்மையுற்றது.

இவ்வறிவு வேண்டுவது மனிதர்மாட்டு மாத்திரமன்று. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட பராக்கிரமபாகு மன்னன் பெரிய வைத்தியசாலையொன்று அமைத்து, நோயாளர் ஒவ்வொருவர்க்கும் பணிசெய்ய ஆண் ஒருவரையும் பெண் ஒருத்தியையும் வைத்தானென்று சூளவம்சம் கூறும். கன்னத்திற் கட்டியுற்ற காக்கையொன்று அச்சாலையை நீங்காமற் கதறியதாம். வைத்தியர் அதன் குறையை உணர்ந்து, அரசனாணையாற் பிடித்துக் குணப்படுத்தினரென்பதும் அந்நூற் செய்தி. அவன் பௌத்தன், நாம் சைவர். காக்கையின் கூக்குரலிலே நோயைக் கேட்ட காது எச்சமயத்ததாயினும் நாம் வணங்கத்தக்கதே.

'சிறுசெயலால் என்ன ஆகும்?' என்று கேட்பார்க்கு ஒரு விடை உண்டு. 1900ஆம் ஆண்டிற் காசித் தெருவோரத்திலே சாகுந்தறுவாயிற் கிடந்த கிழவியொருத்தியை யாமினி ரஞ்சன் மசும்தார் என்னும் இளைஞர் கண்டார். கையிற் பொருளில்லாமையால் வழிப்போக்கரிடம் நாலணா இரந்து பெற்று அவளுக்குப் பால் வாங்கிக் கொடுத்தார். விவேகானந்த சுவாமிகளின் உபதேசத்தால் உள்ளந் தூண்டப்பெற்ற அவரும் அவர் தோழர் சிலரும் தொடங்கிய அப்பணியே வளர்ந்து, இராமகிருட்டின சங்கத்தின் காசிச் சேவாச்சிரமமாகிய பெரிய வைத்தியசாலையாயிற்று. அதன் அடிக்கல் ஒரு கிண்ணம் பால்.

ஆசிரியர்களே, இனி நம் கடமை. கொழும்பிலுள்ள பெரிய வைத்தியசாலைகளுக்கும், மகரகமையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் தமிழர் பலர் வந்து கிடக்கின்றனர். அவருட் சிலர்க்குச் சிங்களந் தெரியாது. பார்க்க வருவாரும் அரியர். நோவு எங்கேயென்று வினவும் தாதிக்கு விடைசொல்ல மொழியில்லை. இரு மொழியும் அறிந்த ஒருவர் பார்வை நேரத்தில் அரைமணி சென்று, ஒருவர் சொல்லை மற்றொருவர்க்குச் சொல்வாராயின், அது மருந்தின் காற்பங்காகும். ஊருக்குத் தொலைபேசியில் இரண்டு சொல் சொல்லிக்கொடுத்தலும், மருந்துச் சீட்டை வாசித்துக் காட்டுதலும் அவ்வாறே.

முப்பது பிள்ளைகளை நிரையாக வாட்டுக்குள் நடத்திச் சென்று நிழற்படம் எடுத்து மீளவேண்டாம். அது நோயாளர்க்கு இடையூறு. வகுப்பறையிலேயே தொடங்குங்கள். காய்ச்சலால் வாராத பிள்ளையின் வெற்றிடத்தை முதலில் எவன் கண்டு சொல்கின்றானோ அவனைப் பாராட்டுங்கள். அன்றைய பாடத்தை எழுதி அவன் வீட்டிற் கொடுக்கச் செய்யுங்கள். வீட்டிலே பாட்டன் பாட்டியருக்கு மருந்துவேளை எதுவென்று கேளுங்கள். அறியாத பிள்ளை மறுநாள் அறிந்து வரட்டும். நோயாளரிடம் குறைவாகப் பேசவும், அவர் கேட்குமுன் அவர் குறை காணவும் பழக்குங்கள். கண்ணப்பர் சரிதத்தை நடத்தும்போது, பச்சிலை பறித்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நம் சித்தாந்தத்திற் சரியை முதற்படியாகும். திருவலகிடுதலும், மெழுகுதலும், விளக்கிடுதலும், பூத்தொடுத்தலும் சரியைத் தொண்டுகள். இவை யாவும் கையாற் செய்யும் சிறுதொழில்கள் அல்லவோ? சூலைநோயிலே தமக்கையாராற் பேணப்பெற்ற திருநாவுக்கரசு நாயனார், நோய் நீங்கியபின் கையில் எடுத்தது உழவாரம். திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கும் சிறு கருவி. பெரும்புலவர்க்கு அது சிறிதாகத் தோன்றவில்லை. கோயில் முற்றத்திற் புல்லைக் காணும் கண், கட்டிலிற் கிடப்பார் உதட்டில் வறட்சியைக் காணாதாயின், அச்சரியை பாதியிலே நின்றுவிட்டது.

நாளைக் காலை பொன்னம்பலவாணேசர் சந்நிதியில் விளக்கிடுங்கள். மாலையில், ஒருவரும் பார்க்க வாராத ஒரு கட்டிலருகே சென்று சற்றே இருங்கள். அங்கே உங்களுக்கு முன்னரே ஒரு தாய் வந்திருப்பாள்.

திருச்சிற்றம்பலம்.